கரூர் வங்கி, கோவை மில், திருப்பூர் சாயம்: விழுகிற கம்பெனிக்கு வரிப்பணம் போடலாமா?

2020இல் எட்டு மாத இடைவெளியில் இரண்டு தனியார் வங்கிகள் விழுந்தன. மார்ச் 5ஆம் தேதி மும்பையின் யெஸ் வங்கி. நவம்பர் 17ஆம் தேதி, 1926இல் கரூரில் பிறந்த நம்ம லட்சுமி விலாஸ் வங்கி. முதல் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. இரண்டாவதில் 25,000. கடைசியில் இரண்டிலுமே டெபாசிட் போட்டவர்களுக்குப் பைசா நஷ்டமில்லை. அதுவரை ஒரே கதைதான்.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. யெஸ் வங்கிக்குள் ஸ்டேட் வங்கி பங்கு ஒன்று 10 ரூபாய் வீதம் 6,050 கோடி போட்டது. சில தனியார் வங்கிகளும் கூடச் சேர்ந்தன. பழைய பங்குதாரர்களின் பங்கு அழியவில்லை. நூறு பங்குக்குக் குறையாமல் வைத்திருந்தவர்களுக்கு முக்கால் பாகத்தை மூன்று வருஷத்துக்கு விற்க முடியாமல் பூட்டினார்கள், அவ்வளவுதான். முழு அடி வாங்கியவர்கள், அந்த வங்கியின் 8,400 கோடிக்கு மேற்பட்ட, திருப்பித் தரும் தேதி இல்லாத நிரந்தரக் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தவர்கள். அவர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

கரூர் வங்கிக்கு வேறு நியாயம். சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கி தன் இந்திய நிறுவனத்துக்கு 2,500 கோடி கொண்டுவந்தது. பத்தே நாளில் இணைப்பு முடிந்தது. பழைய பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். கரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தாத்தா காலத்தில் வாங்கிய பங்கை விற்காமல், போனஸ் பங்கையும் சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இந்த இரண்டில் எது வரி கட்டுகிறவனுக்கு நல்லது? கரூர்க்காரர்களிடம் கேட்டால் ஒரு பதில் வரும், கணக்குப் போட்டால் வேறு பதில் வரும். பெருந்துறைப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் மூன்றாவது பதிலும் கிடைக்கும்: "பெரிய கம்பெனி உழுந்தா கவர்மெண்டு ஓடி வருதுங்க, நம்ம பட்டறை உழுந்தா பேங்க்காரன்தான் ஓடி வர்றானுங்க." இந்த ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் "கொடுக்கவே கூடாது" என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. விழுகிற கம்பெனியை அரசு ஐந்து விதமாகக் கையாளலாம். ஐந்துக்கும் நம் ஊர்ப் பக்கமே சாட்சி இருக்கிறது, அல்லது இந்தியாவிலும் வெளிநாட்டிலும் தெளிவான உதாரணம் இருக்கிறது.

கணக்குப் பார்ப்பதற்கு முன் ஒன்று. வரி கட்டுகிறவர் என்றால் வருமான வரி கட்டுகிற சம்பளக்காரர் மட்டும் இல்லை. பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கும் பெண் சோப்பு வாங்கும்போது கட்டுகிற ஜி.எஸ்.டி.யும் அதே கஜானாவுக்குத்தான் போகிறது. அவரே தொழிலாளியும்கூட, சிறு டெபாசிட்காரரும்கூட. கம்பெனி விழுந்தால் ஒரு கையில் நஷ்டம், தூக்கிவிட்டால் இன்னொரு கையில் செலவு. ஆகவே கஜானாவுக்குத் திரும்பி வந்த தொகையை மட்டும் பார்த்து லாப நஷ்டம் சொல்வது பாதிக் கணக்கு.

அரசே வாங்கி நடத்துவது

இதற்குக் கோவையைவிட நல்ல பாடசாலை கிடையாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு சரசரவென்று வளர்ந்த மில்களில் பல, அறுபதுகளின் கடைசியில் நலிந்தன. பழைய எந்திரம், கடன், நிர்வாகச் சண்டை. 1968இல் மத்திய அரசு தேசிய பஞ்சாலைக் கழகத்தைத் தொடங்கியது. 1974இல் நாடு முழுவதும் 103 நலிந்த மில்களை நாட்டுடைமை ஆக்கினார்கள். என்.டி.சி. மில் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். கோவையில் பங்கஜா, கம்போடியா, கோயமுத்தூர் முருகன், ரங்கவிலாஸ், அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் ஆகியவை இந்த வகையில் கடைசி வரை தாக்குப்பிடித்தவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவால் ஒன்றரைத் தலைமுறைக்கு வேலை நிலைத்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் என்று ஒழுங்கான சம்பளம் வந்தது. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் மில் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களைக் கேட்டால், அந்தப் பணம் வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1974இல் மில்லை மூடியிருந்தால் அந்தத் தெருக்கள் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஆனால் கழகம் மில்லை வாங்கியபோது, எப்போது விடுவது என்று எந்த ஏற்பாடும் இல்லை. அதே ஊரில் தனியார் மில்கள் எந்திரத்தை மாற்றிக்கொண்டே போயின. என்.டி.சி. மில்லுக்கு ஒரு எந்திரம் வாங்க வேண்டுமென்றாலும் கோப்பு டெல்லி வரை போய்த் திரும்ப வேண்டும். பின்னாளில் மறுசீரமைப்புக்குப் பணம் தேடியபோது மும்பையில் கழகத்தின் மில் நிலங்களை விற்றார்கள். அதாவது ஒரு மில்லை ஓட்ட இன்னொரு மில்லின் நிலத்தை விற்கிற நிலை. 2020 மார்ச் ஊரடங்கில் எல்லா மில்லும் நின்றது. தனியார் மில்கள் சில மாதத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டன. கழகத்தின் மில்கள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. சம்பள நிலுவைக்கும் மறுதிறப்புக்கும் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நகரின் நடுவில் ஏக்கர் கணக்கில் நிலம், உள்ளே துருப்பிடிக்கும் எந்திரம், வெளியே சங்கத்தின் பந்தல். இதில் வரிப்பணத்துக்கும் லாபமில்லை, தொழிலாளிக்கும் இல்லை, நூலும் இல்லை.

இதே வழியின் பெரிய வடிவம் ஏர் இந்தியா. 2012இல் சுமார் 30,000 கோடி பங்கு முதலீட்டுத் திட்டம் போட்டார்கள். 2009-10 முதல் விற்கிற வரைக்கும் ரொக்கமும் கடன் உத்தரவாதமும் சேர்த்து அரசு தாங்கியது சுமார் 1.10 லட்சம் கோடி. 2021 அக்டோபரில் டாடா குழுமம் சொன்ன விலை 18,000 கோடி. அதில் ரொக்கமாக வந்தது 2,700 கோடி, மிச்சம் கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. டாடா எடுத்துக்கொள்ளாத கடன் ஒரு தனி அரசுக் கம்பெனியின் தலையில், அதாவது நம் தலையில் ஏறியது. விற்றது சரிதான். பத்து வருஷம் முன்னால் விற்றிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடுவது

இந்த இரண்டாவது வழியை ஆதரிப்பவர்கள் கையில் எடுக்கிற முதல் உதாரணம் அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. காப்பீட்டுக் கம்பெனி. 2008 செப்டம்பர் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது, அரசு கைகொடுக்கவில்லை. உலகச் சந்தை நடுங்கியது. மறுநாளே ஏ.ஐ.ஜி.க்குக் கைகொடுத்தார்கள். மொத்தமாக ஒப்புக்கொண்ட உதவி சுமார் 18,200 கோடி டாலர். அதற்குப் பதிலாகக் கம்பெனியில் சுமார் 80 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொண்டது. 2012 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்று, 2,270 கோடி டாலர் லாபம் என்று அமெரிக்க நிதித்துறை அறிவித்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி வட்டிக் கணக்கு போடுவோம். 18,200க்கு 2,270 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டரை, அதுவும் நாலு வருஷத்துக்கு. ரெண்டு வட்டிக்குக் கடன் கொடுப்பவர் இதை ஆறு மாசத்தில் வாங்கிவிடுவார். ஒப்புக்கொண்ட தொகை முழுவதும் ரொக்கமாக வெளியே போகவில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் விழப்போகிற கம்பெனிக்கு யாரும் கொடுக்காத நேரத்தில் கொடுத்த கடனுக்கு இது மலிவான வட்டி. அந்த மலிவுதான் உண்மையான மானியம்; "லாபம்" என்ற தலைப்புச் செய்திக்குள் அது மறைந்துகொள்கிறது. அதற்கு மேல் 2009 மார்ச்சில், கம்பெனியை மூழ்கடித்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்ததும் நடந்தது. மக்கள் கொதித்ததில் வியப்பில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை நேர் எதிர். அங்கே அரசு சுமார் 4,950 கோடி டாலர் போட்டு, 2013 டிசம்பரில் வெளியேறியது; கடைசிக் கணக்கில் நஷ்டம் சுமார் 1,120 கோடி டாலர். பழைய நஷ்டத்தைக் காட்டி வரி கழித்துக்கொள்ளும் உரிமையையும் புதிய கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அது நஷ்டக் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இந்த நஷ்டத்தை ஏ.ஐ.ஜி. லாபத்தைவிட மேலாகச் சொல்வேன். கார் கம்பெனியைத் திவால் நீதிமன்றம் வழியாகவே கொண்டுபோனார்கள். பழைய பங்குதாரர்கள் துடைத்தெறியப்பட்டார்கள், பத்திரக்காரர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள், தலைமை அதிகாரி வெளியேற்றப்பட்டார். கூடவே உதிரி பாகம் செய்யும் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் தப்பின. கோவையில் வார்ப்படப் பட்டறை நடத்துபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பெரிய பார்ட்டி மூன்று மாதம் பில் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் 2008-09இல் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு 4,550 கோடி பவுண்டு போட்டார்கள். கடைசிப் பங்கை விற்று வெளியே வந்தது 2025 மே மாதம். நஷ்டம் சுமார் 1,000 கோடி பவுண்டு. உள்ளே போவது ஒரு வார இறுதி வேலை, வெளியே வர 17 வருஷம்.

நம் நாட்டிலும் இந்த வழியில் நல்லபடி முடிந்தவை உண்டு. ஓய்வூதியக்காரர்களும் ஆசிரியர்களும் நம்பிப் பணம் போட்ட, அரசு ஏற்படுத்திய பரஸ்பர நிதி நிறுவனமான யூனிட் டிரஸ்ட்டின் யு.எஸ். 64 திட்டம் 2001 ஜூலையில் பணம் திருப்புவதை நிறுத்தியது. அரசு பொறுப்பேற்று, டிரஸ்ட்டை இரண்டாகப் பிரித்து, சொத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. அந்தச் சொத்தில் ஐ.டி.சி., எல் அண்ட் டி, பிற்பாடு ஆக்சிஸ் வங்கி என்று பெயர் மாறிய யு.டி.ஐ. வங்கி ஆகியவற்றின் பங்குகள் இருந்தன. அவசரப்படாமல் வைத்திருந்து விற்றதில் ஆயிரக்கணக்கான கோடி வந்தது. ஆக்சிஸ் பங்கில் மிச்சம் இருந்ததை 2022இல்தான் விற்றார்கள். ஐ.டி.சி. பங்கில் அரசுக்கு இன்னும் நல்ல பாகம் இருக்கிறது.

யெஸ் வங்கியும் அப்படியே. 10 ரூபாய்க்கு வாங்கிய பங்கில் ஒரு பகுதியை 2025இல் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுயி வங்கிக்கு 21 ரூபாய் 50 காசுக்கு விற்று, ஸ்டேட் வங்கி 8,889 கோடி வாங்கியது. கூட்டு வட்டியில் வருஷத்துக்குச் சுமார் 15 சதவீதம். இது அமெரிக்கக் கணக்கைவிட நல்ல கணக்கு. ஆனால் போட்டது பட்ஜெட் பணம் இல்லை, அரசு பாதிக்கு மேல் வைத்திருக்கும் ஒரு வங்கியின் பணம். நஷ்டம் வந்திருந்தால் நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்காமலேயே நம் பாக்கெட்டில் இருந்து போயிருக்கும்.

இன்னொரு மாதிரி வோடஃபோன் ஐடியா. இங்கே அரசு ரொக்கம் கொடுக்கவில்லை, வர வேண்டிய பாக்கியைப் பங்காக எடுத்துக்கொண்டது. 2023இல் 16,133 கோடி, 2025இல் 36,950 கோடி. இரண்டு தடவையும் பங்கு 10 ரூபாய்க்கு. இரண்டாம் தடவை சந்தையில் விலை ஏழு ரூபாய் சுமார்தான். அரசின் பங்கு 49 சதவீதத்தைத் தொட்டது. 51ஐத் தொட்டால் அரசுக் கம்பெனி ஆகிவிடும் என்பதால் அங்கேயே நிறுத்தினார்கள். இதை யாரும் மீட்பு என்று கூப்பிடுவதில்லை. ஆனால் உங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் ஜி.எஸ்.டி. பாக்கிக்குப் பதிலாகக் கடையில் பங்கு தருகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கட்டும். போட்டிக்கு மூன்றாவது போன் கம்பெனி இருப்பது நமக்கு நல்லது என்பது சரியான வாதம்தான்; அதற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பது பட்ஜெட்டில் செலவாகத் தெரியாமல் போவதுதான் சரியில்லை.

பணம் போடாமல் ஆளை மாற்றுவது

2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் ஏழாயிரம் கோடி ரூபாய் அளவுக்குப் பொய் என்று தானே கடிதம் எழுதினார். ஐம்பதாயிரம் பேருடைய வேலை. கோவை கல்லூரிகளில் இருந்து போனவர்களும் அதில் நிறைய. அரசு செய்தது என்ன? இயக்குநர் குழுவைக் கலைத்து, தீபக் பரேக், கிரண் கார்னிக் போன்ற தொழில்துறையில் பேர் பெற்றவர்களை உட்கார வைத்தது. கஜானாவில் இருந்து பணம் போடவில்லை. வெளிப்படையாக ஏலம் விட்டு ஏப்ரலில் டெக் மஹிந்திராவிடம் கம்பெனி போனது, பங்கு 58 ரூபாய். மூன்று மாதம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஓடவில்லை, பெரும்பாலான வேலைகள் தப்பின.

எனக்குத் தெரிந்து வரிப்பணத்துக்கு மிகவும் மலிவான மீட்பு இதுதான். ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. சத்யத்தின் கணக்குதான் பொய், தொழில் உண்மை. வாங்க ஆள் இருந்தது. தொழிலே செத்த கம்பெனிக்கு எத்தனை நல்ல இயக்குநர்களை உட்கார வைத்தாலும் பலன் இல்லை.

லட்சுமி விலாஸ் வங்கியும் இதே வகைதான். வரிப்பணம் போகவில்லை, டெபாசிட் தப்பித்தது, கிளைகள் திறந்தே இருந்தன. பங்குதாரர் பூஜ்யம் ஆனது கொடுமை என்று கரூரில் பேசுகிறார்கள். பங்கு என்றாலே முதல் நஷ்டம் அவருக்கு என்பதுதான் விதி, ஆகவே பூஜ்யத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாசத்துக்கு முன்னால் மும்பை வங்கிக்கு ஏன் அதே விதி இல்லை என்பதே என் கேள்வி. யெஸ் வங்கி பெரிசு, விழுந்தால் மற்ற வங்கிகளையும் இழுக்கும் என்பார்கள். அளவு பெரிசாக இருப்பதே ஒரு காப்பீடு ஆகிவிட்டால், பிரீமியம் கட்டாமல் அதை அனுபவிக்கிற பங்குதாரருக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?

நீதிமன்றத்தில் விட்டுவிடுவது

2016 திவால் சட்டத்துக்குப் பிறகு இதுதான் பொதுவழி. பஞ்சு நூல் வியாபாரிகள் அறிந்த பெயரைச் சொல்வதென்றால், ஆலோக் இண்டஸ்ட்ரீஸ். சுமார் 30,000 கோடி பாக்கிக்கு, ரிலையன்ஸ் கூட்டாகக் கொடுத்தது 5,050 கோடி. வீடியோகானில் இன்னும் மோசம்: 64,838 கோடி பாக்கிக்கு 2021இல் ஏற்கப்பட்ட விலை 2,962 கோடி; அதுவும் அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் ரத்தானது. இப்படிப்பட்ட கடன்களில் மிச்சத்தை வங்கிகள் தள்ளி எழுதின. அந்த ஓட்டையில் அரசு வங்கிகளுக்கு 2016-17 முதல் 2020-21 வரை அரசு ஊற்றிய மூலதனம் 3.1 லட்சம் கோடி. அதாவது கம்பெனியை மீட்கவில்லை என்று பெருமைப்பட்டாலும் வங்கி வழியாகச் சுற்றி மீட்டிருக்கிறோம். அந்த வங்கிகள் 2023-24இல் சேர்ந்து 1.4 லட்சம் கோடி லாபம் காட்டின என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; ஊற்றியது முழுக்க வீண் இல்லை.

இந்த வழியில் நசுங்குகிறவர் சின்னச் சப்ளையர். திவால் சட்டத்தில் வங்கி ஒரு வரிசை, சரக்கு கொடுத்தவர் கீழ் வரிசை. ஏலத்தொகையில் முதலில் வழக்கின் செலவு, அப்புறம் 24 மாதச் சம்பள நிலுவையும் ஜாமீன் உள்ள கடனும், இப்படி இறங்கி இறங்கி நூல் கொடுத்தவரிடம் வரும்போது பை காலி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. ஐந்தரை வருஷம் இழுத்து 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொத்தை விற்கச் சொல்லிவிட்டது. அவ்வளவு காலம் பில்லைக் கையில் வைத்துக் காத்திருக்கச் சோமனூர் தறிக்காரரால் முடியுமா?

கம்பெனியை விட்டுவிட்டு ஊரைத் தூக்குவது

2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள், 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஒரே இரவில் பனியன் தொழிலின் முதுகெலும்பு ஒடிந்தது. துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்பினார்கள், ஆர்டர்கள் தவறின, ஜாப் ஒர்க் செய்பவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

அந்த வருஷம் மாநில அரசு கொடுத்தது வட்டியில்லாக் கடன் 200 கோடி. யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: எந்த ஒரு கம்பெனிக்கும் இல்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. நிபந்தனையும் கெட்டியானது. சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது, நீதிமன்றம் கண்காணிக்கும். மோசமான பட்டறை தானாக மூடிக்கொண்டது. தாக்குப்பிடித்தவை நிலையத்துடன் சேர்ந்து பிழைத்தன. இன்றைக்கு திருப்பூரின் ஏற்றுமதி வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி. ஏர் இந்தியாவுக்குப் போன தொகையோடு வைத்துப் பார்த்தால் 200 கோடி கண்ணுக்கே தெரியாது. ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதையும் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் முழுக் கதை அதற்கு இருபது வருஷம் முன்னால் தொடங்குகிறது. 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. அதில் சாயத்தண்ணீர் நின்றது. கீழே நொய்யல் பாசன விவசாயிகளின் கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, மாடு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. வழக்குப் போட்டது அந்த விவசாயிகள்தான். கழிவைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டதால் மிச்சமான செலவு ஒவ்வொரு பனியனின் விலையிலும் லாபமாக உட்கார்ந்திருந்தது. அதுவும் ஒரு மீட்புத் திட்டம்தான், அரசாங்க ஆணை இல்லாமல் நடந்தது. பணம் போட்டது கஜானா இல்லை, காங்கேயம், சென்னிமலைப் பக்கத்துக் காடு கரை. கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த தொகையை மட்டும் எண்ணுகிற கட்டுரைகள் இந்த மாதிரிச் சுமையை எண்ணுவதே இல்லை.

கொரோனா காலத்து அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமும் இந்த வகையில் சேரும். 2020 மே மாதம் 3 லட்சம் கோடியில் தொடங்கி, பின்னால் 5 லட்சம் கோடி வரை போனது. 2020 பிப்ரவரி 29 நிலவரப்படி இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாக, ஜாமீன் இல்லாமல், அரசே முழு உத்தரவாதம். கோவையிலும் திருப்பூரிலும் நிறையப் பேரைத் தாங்கியது. குறை என்னவென்றால், ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால்தான் 20 சதவீதம். கைமாற்றிலும் சீட்டுப் பணத்திலும் நாலு மெஷின் ஓட்டியவருக்கு 20 சதவீதம் என்பது எதன் 20 சதவீதம்? மிக அடியில் இருந்தவருக்கு உத்தரவாதம் போய்ச் சேரவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அரசு எடுத்தது இதே கருவியைத்தான்: ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி கடன் உத்தரவாதம். கருவி நல்லதுதான், ஆனால் பழைய ஓட்டையை அடைத்திருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் வரிசை இப்படி. வாங்க ஆள் இருந்தால் சத்யம் வழி, வங்கியாக இருந்தால் கரூர் வழி. தொழில் ஒரு கொத்தாக இருந்து, பல பட்டறைகளுக்கும் பொதுவான ஒரு இடத்தில் அடைப்பு ஏற்பட்டிருந்தால் திருப்பூர் வழி. கம்பெனி விழுந்தால் அதனோடு ஆயிரம் பேர் விழுவார்கள், வாங்கவும் ஆளில்லை என்றால் மட்டும் பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடலாம். அப்போதும் பழைய பங்குதாரரின் பங்கு முதலில் பூஜ்யமாக வேண்டும், நிர்வாகம் மாற வேண்டும், வெளியேறும் வருஷம் ஆவணத்தில் இருக்க வேண்டும். அரசே வாங்கி நடத்துவது கடைசி வழி. பெரும்பாலும் அது வழியே இல்லை. தனியாக நிற்கிற பெரிய கம்பெனி, மற்றவரை இழுக்காது என்றால், நீதிமன்றத்தில் விடலாம். ஆனால் சிறு சப்ளையரின் பில்லுக்கு ஒரு அளவு வரையாவது வங்கிக்குச் சமமான இடம் தந்து சட்டத்தைத் திருத்திய பிறகு.

இந்த வரிசையை நம் கண் முன்னால் கிடக்கிற கோவை என்.டி.சி. மில்களுக்கு வைத்துப் பார்க்கலாம். மறுபடி திறக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்பேன். ஆனால் ஐந்து வருஷத்துக்கு மேல் நின்ற எந்திரத்தை ஓட்ட வரிப்பணம் போட்டால், அடுத்த நூல் விலைச் சரிவில் மறுபடி நிற்கும். நான் சொல்வது: சம்பள நிலுவையையும் பணிக்கொடையையும் வட்டியோடு முதலில் தீர்க்க வேண்டும். நிலத்தை விற்று வரும் பணத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே. நிலம் விற்க ஆண்டுக்கணக்கில் ஆகும், அதுவரை அவர்களால் காத்திருக்க முடியாது. அதன் பிறகு நிலத்தைத் துண்டு துண்டாக யாருக்கோ தள்ளிவிடாமல், வெளிப்படையான ஏலத்தில், ஒரு பகுதியைச் சிறு தொழில்களுக்கான பொதுக் கூடமாகவோ பரிசோதனைக்கூடமாகவோ வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடலாம். எந்த ஒரு மில்லையாவது ஓட்ட முடியும் என்று கழகம் நினைத்தால், அந்த மில்லின் மூன்று வருஷக் கணக்கையும் எந்திரப் பட்டியலையும் வெளியிடட்டும். தனியார் மில்காரர்கள் நிறைந்த ஊர் இது. ஒரு கதிருக்கு என்ன செலவு, யூனிட்டுக்கு என்ன மின்கட்டணம், எத்தனை ஷிஃப்ட் என்று பார்த்து, அந்த மில் ஓடுமா ஓடாதா என்று ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார்கள்.